ஸ்டோக் வீட்டில் செட்டிநாட்டுச் சாமான்

இங்கிலாந்துக்கு ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பக்கம் வருவது குறைவு. டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்ற ஆறு ஊர்கள் 1910-இல் ஒன்றாகச் சேர்ந்து உண்டான ஊர் அது. இருநூறு வருஷத்துக்கு மேலாக மண்ணைப் பிசைந்து, சுட்டு, தட்டும் கோப்பையும் தரை ஓடும் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய ஊர். செங்கல்லால் கட்டிய பாட்டில் வடிவச் சூளைகள் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் அங்கே புகைந்துகொண்டிருந்தன. இன்று நிற்பவை ஐம்பதுக்கும் குறைவு. என் கணவருக்கு அந்த ஊர் மருத்துவமனையில் வேலை. செட்டிநாட்டுத் தேவகோட்டையில் பிறந்த நான் ஸ்டோக்கில் குடித்தனம் நடத்த வந்தது அப்படித்தான்.

நாங்கள் வாங்கியது விக்டோரியா ராணி காலத்து வரிசை வீடு. இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டாரோடு பொது. முன்கதவைத் திறந்தால் ஒடுக்கமான நடை, ஓரத்தில் மாடிப்படி, பக்கத்தில் ஒரு கூடம், அதற்குப் பின்னால் இன்னொரு கூடம், கடைசியில் சமையலறை, அதைத் தாண்டிக் கொல்லை. எங்கள் ஊர் வீடும் அப்படி நேராக ஓடுவதுதான். முகப்பு, நடுமுற்றமான வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். புரோக்கர் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது முன்வாசலில் நின்று பின்வாசல் வெளிச்சத்தைப் பார்த்தேன். இந்த வீடே போதும் என்று அப்போதே என் கணவரிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டை எப்படி ஒழுங்குபண்ணுவது என்ற பேச்சு வந்தபோது, தெரிந்த நம்மவர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பார்த்தோம். சில வீடுகளில் சாம்பல் நிற சோஃபா, வெள்ளைச் சுவர், கண்ணாடி மேசை, ஒரு மூலையில் மட்டும் நடராஜர், அவர் தலைக்கு மேல் ஒரு சின்ன மின்விளக்கு. வேறு சில வீடுகளில் நம் ஊர்ப் பொருள் எதுவும் கீழே இராது. எல்லாம் மாடியில் ஓர் அறைக்குள் இருக்கும். விருந்தாளி போன பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். இரண்டுமே அவரவர் வசதி, குறை சொல்வதற்கு நான் யார்? ஆனால் அந்த மூலை நடராஜரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படும். பூ இல்லை, விளக்கு இல்லை, ஏதோ ஒரு நாள் தூசி தட்டுவதோடு சரி. அத்தனை தூரம் வந்தும் அவருக்கு அந்த வீட்டில் வேலை எதுவும் கொடுக்கவில்லை.

வேலை என்று நான் சொல்வது ஆயாவிடமிருந்து வந்தது. அம்மாவின் அம்மாவை நாங்கள் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பல தேசச் சாமான் கலந்த வீடு என்றால் ஆயா வீட்டை மிஞ்ச ஒரு வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. தூண் பர்மா தேக்கு. முகப்பில் இத்தாலி சலவைக்கல். பட்டாலைக் கூடத்தில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. இரண்டாம் கட்டில் சீமையிலிருந்து கப்பலில் வந்த இரும்புத் தூண். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் சைகோனிலும் லேவாதேவி செய்தவர்கள் போன இடத்திலெல்லாம் நல்லதைப் பார்த்து வாங்கி அனுப்பினார்கள். கல்யாணத்தின்போது முறைச்சிட்டையில் எழுதி, வளவு நிறையப் பரப்பிக் காட்டிய சாமான்களில் மரப்பாத்திரமான பர்மா மரவையும் ஸ்வீடன் மங்குத் தட்டும் நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. ஆயாவுக்கு அவற்றில் எது உள்ளூர், எது வெளியூர் என்ற எண்ணமே கிடையாது. வடகம் காயப்போட எது, பலகாரம் அடுக்கி வைக்க எது, சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்துவிட எது என்பதுதான் கணக்கு. "வேலை இல்லாத சாமானை வீட்டில வைக்காதே ஆத்தா. இடத்தையும் அடைக்கும், மனசையும் அடைக்கும்" என்பார். பலகார டின்னை ஒழித்துவைக்கும்போது போகிற போக்கில் சொன்ன வார்த்தை அது. வெளிநாட்டில் வீடு வைக்க எனக்கு அதைவிட நல்ல யோசனை யாரும் சொன்னதில்லை.

ஸ்டோக் வீட்டில் முதலில் எங்களுக்குக் கிடைத்தது தரை. நடையில் சுவரோடு சுவராக ஒரு பழைய கம்பளம் ஒட்டியிருந்தது. பூஞ்சை வாடை தாங்காமல் ஓரத்தைக் கிளப்பினோம். அடியில் செங்காவி, சந்தனம், கறுப்பு, வெள்ளை, நடுவில் கொஞ்சம் நீலம் என்று சின்னச் சின்ன ஓட்டு வில்லைகள் சதுரமும் முக்கோணமும் எண்கோணமுமாகக் கோத்துக் கிடந்தன. கம்பளம் போக மீதியிருந்த பசையைச் சுரண்டி எடுக்கவே நாள் பிடித்தது. சுத்தமான பிறகு பார்த்தால் அது அசல் செட்டிநாட்டு முகப்பு.

அந்த ஓடுகளின் கதையை அந்த ஊரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இடைக்காலத்துத் தேவாலயங்களில் இருந்து, பிறகு வழக்கொழிந்துபோன சித்திர ஓட்டுக் கலையை 1830-களில் ஸ்டோக்கில் மீட்டெடுத்தவர் ஹெர்பர்ட் மின்டன். ஒரு நிறக் களிமண்ணில் பள்ளம் பதித்து, அதில் வேறு நிறக் களிமண்ணை நிரப்பிச் சுடுவார்கள். பூ மேலே தீட்டியதல்ல, ஓட்டுக்குள்ளேயே இறங்கி நிற்பது. நூறு வருஷம் மிதித்தாலும் அழியாது. லண்டன் பார்லிமென்ட் கட்டடத்தின் தரை அவர் பட்டறையில் செய்ததுதான். 1840-இல் பொடிமண்ணை அச்சில் வைத்து அழுத்தி வில்லை செய்யும் முறை வந்த பிறகு விலை இறங்கியது. எங்களுடையது போன்ற சாதாரண வீட்டு நடைக்கும் ஓடு வந்து சேர்ந்தது.

இதற்கு மாறாக, செட்டிநாட்டில் ஆத்தங்குடி ஊரில் செய்யும் நம் தரைக்கல் சூளைக்கே போகாதது. கண்ணாடித் தட்டின் மேல் தகர அச்சை வைத்து, அதன் அறைகளில் காவியும் பச்சையும் மஞ்சளுமாகச் சிமெண்டுச் சாயத்தை ஊற்றி, அச்சைப் பதறாமல் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு மட்டம் பண்ணித் தண்ணீர்த் தொட்டியில் கிடத்துவார்கள். காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவிடும். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. மின்டன் ஓட்டுக்கு நெருப்பு, நம் கல்லுக்குத் தண்ணீர். இரண்டும் காலடி பட்டுப் பட்டு மெருகு ஏறும் ஜாதி.

பின்னால் சமையலறைத் தரை பெயர்ந்தபோது ஆத்தங்குடியிலிருந்தே கல் வரவழைத்துப் போட்டோம். கல்லின் விலையைவிடக் கப்பல் கூலி அதிகம். வேலைக்கு வந்த மேஸ்திரிக்கு அந்தக் கல் புதிது. இவ்வளவு கனமா, சுடாத கல்லா என்று ஒவ்வொன்றையும் கையில் ஏந்திப் பார்த்தார். வினிகரோ எலுமிச்சையோ பட்டால் வெளுத்துவிடும் என்பதை மட்டும் சொல்லிவைத்தேன். ஊரில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். ஸ்டோக் குளிரில் தேங்காயெண்ணெய் வருஷத்தில் முக்கால்வாசி நாள் உறைந்தே கிடக்கும். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உருக்கி, எண்ணெய் மறுபடி உறைவதற்குள் துணியில் தொட்டு அவசரமாகத் தேய்த்து முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக் காலையில் இன்றும் அந்த வேலை நடக்கிறது.

கோலத்துக்கு அந்த ஊர் வாசல் ஒத்துவராது. கதவுக்கு வெளியே ஓர் எட்டு வைத்தால் நடைபாதை, எந்நேரமும் மழை. அதனால் கோலம் உள்ளே வந்தது. எங்களில் விசேஷ நாளில் நடுவீட்டுக் கோலம் போடுகிற வழக்கம் உண்டு. பச்சரிசியை ஊறவைத்து மையாக அரைத்து, துணித்துண்டில் தோய்த்து, மோதிர விரல் வழியாகக் கசியவிட்டு இழை இழுப்பது. சுட்ட மண் ஓட்டில் மாவு அழகாகப் பிடிக்கிறது. ஊரில்கூட இவ்வளவு வெள்ளையாக நிற்காது. ஒரே ஒரு ஏற்பாடுதான் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ஊர்க் கதவுகளில் தபால் போட ஒரு பொந்து இருக்கும். கடிதமெல்லாம் உள்ளே தரையில் வந்து விழும். கடிதம் விழுகிற தூரத்துக்கு இடம் விட்டு, அதற்கு அப்பால் கோலத்தை வைத்துக்கொண்டேன்.

தட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் வயதான ஓர் அம்மையார் இருந்தார். சின்ன வயதிலிருந்தே பாத்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கோப்பையின் விளிம்பில் தங்கக் கோடு இழுப்பது அவர் வேலை. சக்கரத்தில் சுற்றுகிற கோப்பையில் தூரிகையை அசையாமல் பிடித்து ஒரே மூச்சில் கோட்டை முடிக்க வேண்டும் என்பார். எழுபது வயதுக்கு மேலும் அந்தக் கையில் நடுக்கம் இல்லை. ஒரு தீபாவளிக்கு அவருக்கு வெள்ளைப் பணியாரமும் தேன்குழலும் கொடுத்தேன். ஆயா வீட்டிலிருந்து வந்த, நீலப் பூங்கொடி ஓரம் போட்ட பீங்கான் தட்டில் வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்தவர் தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

ஸ்டோக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஹோட்டலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் தட்டைத் திருப்பி எந்தப் பட்டறை என்று பார்க்காமல் இருக்க முடியாது. அம்மையார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மங்கிப்போன முத்திரையைப் படித்தார். ஆல்ஃபிரட் மீக்கின், இங்கிலாந்து.

"இது டன்ஸ்டலில் செய்தது. இங்கிருந்து நடந்தே போய்விடலாம். இது எப்படி உன் கைக்கு வந்தது, டக்?" என்று கேட்டார். அந்த ஊரில் பிரியமாக எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ரங்கூனில் கடை வைத்திருந்த ஆயா வீட்டுப் பெரியவர் வாங்கியது, ஆயாவின் சீரில் வந்தது, அம்மா வழியாக எனக்கு வந்தது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்து, ஓரத்துப் பூங்கொடியில் ஓர் இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். அங்கே ஓர் இலை பாதியில் வெட்டுப்பட்டு, அடுத்த இலையோடு கொஞ்சம் விலகி ஒட்டியிருந்தது. வருஷக்கணக்கில் அந்தத் தட்டைக் கழுவிய நான் அதைக் கவனித்ததே இல்லை. அந்தப் பூ கையால் வரைந்ததல்லவாம். செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் அச்செடுத்து, தாளை ஓரத்துக்குத் தக்கபடி வெட்டி, ஒருமுறை சுட்ட தட்டில் ஒட்டி, விறைப்பான தூரிகையால் அழுத்தித் தேய்த்து, பிறகு தண்ணீரில் தாளைக் கழுவி எடுத்துவிடுவார்கள். மை மட்டும் தட்டில் தங்கும். மேலே பளிங்குப் பூச்சு கொடுத்து மறுபடி சுடுவார்கள். தாளின் இரண்டு முனையும் சந்திக்கிற இடம்தான் அந்த வெட்டு. "இதை ஒட்டினவள் ஒரு பெண். கெட்டிக்காரி. எவ்வளவு நெருக்கமாகச் சேர்த்திருக்கிறாள் பார்" என்றார்.

டன்ஸ்டலில் ஒரு பெண் ஒட்டிய பூங்கொடி ரங்கூனுக்குக் கப்பல் ஏறி, தேவகோட்டையில் இரண்டாம் கட்டுப் பரணில் வைக்கோலுக்குள் இருந்து, கல்யாணம் கார்த்திகைக்கு இறங்கி, மறுபடியும் பரண் ஏறி, என்னோடு ஸ்டோக்குக்கே திரும்பி வந்திருக்கிறது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஸ்வீடன் மங்குத் தட்டையும் எடுத்து வந்து காட்டினேன். கொக்கும்ஸ் என்று அடியில் முத்திரை, பச்சை விளிம்பு, ஓரத்தில் பூச்சு உதிர்ந்து இரும்பு தெரியும். அவர் அம்மாவின் சமையலறையிலும் இதே போல இரும்பில் பூச்சுக் கொடுத்த பாத்திரம் இருந்ததாம். ஆனால் மண்ணில் வேலை பார்த்தவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பீங்கான் தட்டுகளைச் சுவரில் வரிசையாக மாட்டலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அப்போது பத்திரிகைகளில் எல்லாம் அதுதான் மோஸ்தர். அம்மையாரிடம் சொன்னேன். "சுவரில் மாட்டவா அவ்வளவு பேர் கை வெந்தோம்? அதில் சாப்பிடு" என்றார். அவர் ஆயாவைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் மொழி தெரியாமலே நாள் முழுக்கப் பேசியிருப்பார்கள்.

சுவருக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்தக் காலத்து ஆங்கில வீடுகளில் சுவரின் மேற்பகுதியில் சுற்றிலும் ஒரு மரச்சட்டம் ஓடும். சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடித்தால் உதிரும் என்பதால், அந்தச் சட்டத்தில் பித்தளைக் கொக்கியை மாட்டிச் சங்கிலியில் படத்தைத் தொங்கவிடுவார்கள். மேலிருந்து தொங்குவதால் படம் கொஞ்சம் முன்னால் சாயும். எங்கள் பட்டாலையிலும் பெரியவர்கள் படங்கள் அப்படித்தான் உயரத்தில் வரிசையாக, நம்மைக் குனிந்து பார்க்கிற மாதிரி சாய்ந்து நிற்கும். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கூசாமல் கீழே நிற்கிறவருக்கு முகம் தெரிய வேண்டும் என்பதுதான் இரண்டு ஊரிலும் காரணம். ஆயா, அவர் கணவர், என் மாமனாரின் பெற்றோர் எல்லோரும் ஸ்டோக் வீட்டு முன்கூடத்தில் ஓர் ஆணிகூட அடிக்காமல் வந்து அமர்ந்தார்கள். நடுவில் ரவிவர்மா லட்சுமி. மேல்நாட்டு எண்ணெய்ச் சாய முறையில் வரைந்த ஓவியம். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்தில் ஜெர்மன் இயந்திரத்தில் அச்சானது. பிறகு எங்கள் வீட்டுப் பெண் யாரோ ஒருத்தி சேலைப் பகுதியில் ஜரிகையும் சமிக்கியும் வைத்து ஊசியால் தைத்திருக்கிறாள். அந்த ஒரு படத்தில் எத்தனை தேசம்!

சுவருக்கு என்ன நிறம் என்பதில் வீட்டுக்குள் வாக்குவாதம் வந்தது. குளிர்நாடு, டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், வெள்ளை அடித்தால் வெளிச்சமாக இருக்கும் என்பது என் கணவர் கட்சி. எனக்குப் பட்டாலையின் இருட்டு நினைவுக்கு வந்தது. ஊர் வீடு வெயிலுக்குப் பயந்து கட்டியது. வளவில் விழுகிற வெளிச்சத்தில் மீதிதான் உள்ளே வரும். அந்த அரையிருட்டில்தான் பித்தளையும் கண்ணாடியும் ஜரிகையும் உயிரோடு இருக்கும். வெள்ளைச் சுவரும் தலைக்கு மேல் குழல்விளக்குமாக வைத்தால் எல்லாம் கடைச் சரக்காகிவிடும். விக்டோரியா காலத்து வீடும் அடிப்படையில் இருட்டு வீடுதான். எண்ணெய் விளக்குக்கும் கணப்புக்கும் கட்டியது. முன்கூடத்துக்கு அடர்பச்சை அடித்து, ஆள் உட்காரும் உயரத்தில் மஞ்சள் வெளிச்சமாக மூன்று நான்கு விளக்குகள் வைத்தோம். இப்போது என் கணவருக்கு அந்த அறையில்தான் படிக்க வேண்டும்.

குத்துவிளக்குக்கு இடம் கணப்பு. வீடு முழுக்க மரத்தளமும் கம்பளமும் துணியுமாக இருக்கிற தேசத்தில் விளக்கேற்ற எல்லோரும் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டில் நெருப்புக்கென்றே கல் பாவிக் கட்டிய இடம் ஒன்று இருக்கிறது. கணப்பின் முன் கல்லில் விளக்கை நிறுத்தினோம். இரண்டு பக்கமும் சுவர் உள்வாங்கிய இடத்தில் பலகை அடித்துச் சாமி படங்கள். புகைபோக்கியைச் சுத்தம் பண்ணித் திறந்துவைத்ததால் சாம்பிராணிப் புகை நேராக அதற்குள் இழுத்துக்கொண்டு மேலே போகிறது. கூரையில் இருக்கிற புகைமணி அலறுவதில்லை. நம்மவர் வீடுகளில் கணப்பை அடைத்துவிட்டு அதன் மேல் தொலைக்காட்சியை மாட்டுவதைப் பார்க்கும்போது, இடத்தை வீணாக்குகிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஜன்னலுக்குக் கண்டாங்கிச் சேலைத் துணியில் திரை. பழைய சேலையை வெட்டியதல்ல. ஊரில் நெசவாளியிடம் சொல்லி, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கட்டம் போட்டு ஜன்னல் உயரத்துக்கே நெய்து வாங்கியது. பூப்போட்ட திரை ஆங்கிலேயர் வழக்கம், கட்டம் போட்டது நம் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் டேவிட் காரிக் என்ற நடிகரின் கட்டிலைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. கட்டிலைச் சுற்றிய பூமரத் துணி மசூலிப்பட்டினத்தில் கையால் சாயம் எழுதியது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த அந்த மாதிரிப் பூத்துணிகளின் மேல் இங்கிலாந்து வீடுகளுக்கு அப்படி ஒரு மோகம். உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று 1721-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1774 வரை தடை நீடித்தது. காரிக் வீட்டுக்கு வந்த துணியையும் சுங்கக்காரர்கள் பிடித்துவைத்தார்கள். இன்று ஆங்கிலேயரின் பாட்டி வீட்டுத் திரை என்று எல்லோரும் நினைக்கிற பூத்துணிக்குத் தாய்வீடு நம் பக்கத்துக் கடற்கரை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனம் ஆறுவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மங்குச் சாமான், மரவை, படங்கள், தூண், நிலைக்கதவு என்று எல்லாம் கிடைக்கும். பங்காளிகள் பெருகி, ஆளுக்கொரு தேசம் போய், பராமரிக்க முடியாமல் இடிக்கிற வீடுகளின் சாமான்தான் அது. விற்கிறவரையும் குறை சொல்ல முடியாது, வாங்கி விற்கிறவரையும் குறை சொல்ல முடியாது; கடைக்காரர் எடுக்காவிட்டால் தேக்கு விறகாகப் போயிருக்கும். ஆனால் லண்டனில் ஒரு கடையில் எங்கள் பக்கத்து நிலைக்கதவு ஒன்றைப் படுக்கப் போட்டு, கண்ணாடி மூடி, காபி மேசையாக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். மேற்சட்டத்தில் கஜலட்சுமி. இரண்டு யானையும் துதிக்கையைத் தூக்கி நிற்கின்றன, அவற்றின் மேல் ஒரு காபிக் கோப்பையும் பத்திரிகையும். எத்தனை மணப்பெண் அந்த நிலையைத் தாண்டி வலது கால் வைத்திருப்பாள்! என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நிலை என்றால் நிற்க வேண்டும். ஆள் நுழைய வேண்டும். அதேபோல வெண்கலப் பானையின் அடியில் துளை போட்டு மின்கம்பி நுழைத்து விளக்குத் தண்டாக்குகிறார்கள். பானையில் செடி வைத்தால் நாளைக்கு எடுத்துவிட்டு அரிசி களையலாம். துளை போட்ட பானையில் இனி யாரும் பொங்க முடியாது.

அதனால் எங்கள் வீட்டில் இடித்த வீட்டுச் சாமான் எதையும் விலைக்கு வாங்குவதில்லை. குடும்பத்தில் வந்தது இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமானால் இன்று உயிரோடு இருக்கிற கைகளிடமிருந்து புதிதாக வாங்குகிறோம். பனையோலைக் கொட்டான் பின்னத் தெரிந்த கிழவிகள் ஒருசிலரே மிஞ்சியிருந்த நேரத்தில் விசாலாட்சி ராமசாமி என்பவர் அந்தக் கிழவிகளைத் தேடிப் பிடித்து, இளம்பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்து அந்தக் கைவேலையை மீட்டார். அப்படிப் பின்னிய கொட்டான்களில்தான் எங்கள் வீட்டு ரொட்டியும் ஆப்பிளும் சலவைக் கிளிப்பும் இருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் நல்லது. ஆத்தங்குடியில் அச்சு தூக்குகிறவனுக்கும் கண்டாங்கி நெய்கிறவனுக்கும் வருஷம் முழுக்க ஆர்டர் இருப்பது அதைவிட நல்லது.

மகள் ஸ்டோக்கில் பிறந்தவள். மான்செஸ்டரில் வேலை, அங்கே பத்தாவது மாடியில் ஒரு ஃபிளாட் எடுத்திருக்கிறாள். முழுக்கக் கண்ணாடி, முழுக்க வெள்ளை. போன மாதம் வந்து, எதை எதை எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டைச் சுற்றி வந்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை. எடுத்த ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை என்று மட்டும் கேட்டேன். சின்னக் கொட்டான் சாவி போட்டு வைக்க. மரவை தோசை மாவுக்கு ஆகாது அம்மா, அதில் நகை வைத்துக்கொள்கிறேன் என்றாள். சரி, ஆயாவும் பர்மா மரவை ஒன்றில் பாக்கு வைத்திருந்தார். மீக்கின் தட்டில் நான்கு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். ரவிவர்மா லட்சுமியைக் கேட்டாள். அந்தக் கண்ணாடிச் சுவர் வெயிலில் ஜரிகை கறுக்கும், சாயம் வெளுக்கும், அதனால் இப்போது வேண்டாம் என்றேன். குளியலறைக்குப் போகிற நடையில் வெயில் படாத சுவர் ஒன்று இருக்கிறது என்று அளந்து எழுதி அனுப்பியிருக்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெண்கலப் பானையில்தான் பேச்சு முட்டிக்கொண்டது. அவள் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு. அதில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் சூடாகும், வெண்கலம் ஏறாது. நடுவில் வைக்க இரும்புத் தட்டு விற்கிறார்கள், ஆனால் பானையின் வளைந்த அடி அதில் சரியாக உட்காராது, அரிசி அடிபிடிக்கும் என்று இருவருமே பேசி முடிவுக்கு வந்தோம். பானை இங்கே எரிவாயு அடுப்போடு இருக்கட்டும் என்றாள். தை முதல் நாள் வேலை நாளில் வந்தால் லீவு போட்டுவிட்டு முந்தின நாள் ராத்திரியே வந்துவிட வேண்டும், பால் பொங்கும்போது சங்கு ஊத ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஃபிளாட்டில் சங்கு ஊதினால் மேல்மாடிக்காரர்கள் வருவார்களா என்று கேட்டாள். வந்தால் அவர்களுக்கும் ஒரு தட்டு வை என்றேன்.